ஐம்பத்தெட்டு எழுத்து ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பேங்கர் நகரத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் வேண்டுகோள் ஒன்றுதான்: "அந்த நீளப் பெயர் ஸ்டேஷனைக் காட்டு." பாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஆனால் போகும்போதும் திரும்பும்போதும் அதே கேள்விகள். மாலை வகுப்பில் வெல்ஷ் மொழி படித்தவன் என்பதால் தெரியாது என்று நழுவவும் வழியில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நீளப் பெயரில் நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறதா, இல்லை யாரோ கிளப்பிவிட்டதா?

ஊர் நிஜம். ஆங்கிலத்தில் ஆங்கிள்சி என்றும் வெல்ஷில் அனிஸ் மோன் என்றும் சொல்லப்படும் தீவின் தென்கரையில், மெனாய் நீரிணையை ஒட்டி இருக்கிறது. சுமார் 3000 பேர் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், கடைகள், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. 'விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற மகளிர் சங்கத்தின் முதல் பிரிட்டன் கிளை 1915இல் இங்கேதான் தொடங்கியது. அதைப் பற்றி இதுவரை என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

'கிளப்பிவிட்டது' என்ற பாதிக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பெயரை நீட்டிய தையற்காரரைப் பற்றிக் கீழே வருகிறது.

முழுப் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்களேன்.

துண்டு துண்டாக எழுதினால் இப்படி: ஃலன் - வைர் - புஃல் - க்வின் - கிஃல் - கொகெர் - அ - ஹ்வர்ன் - ட்ரொபுஃல் - ஃலன் - டசில்யொ - கொகொ - கோஹ்.

பலகையில் இருப்பதுபோல் ஒரே சொல்லாக: ஃலன்வைர்புஃல்க்வின்கிஃல்கொகெரஹ்வர்ன்ட்ரொபுஃல்ஃலன்டசில்யொகொகொகோஹ்.

எஃப் ஒலிக்கு நாம் 'ஃப' எழுதுகிறோம் அல்லவா, அதே வழியில் வெல்ஷின் விசித்திரமான இரட்டை எல்லுக்கு 'ஃல' போட்டிருக்கிறேன். அது எப்படி ஒலிக்கும் என்பது தனிக் கேள்வியாக வருகிறது. 'க்வின்', 'கிஃல்', 'கொகெர்', 'கொகொ', 'கோஹ்' ஆகியவற்றில் வரும் ககரங்களை 'தங்கம்' என்பதில் வரும் க போல மெலிதாகச் சொல்ல வேண்டும். முதல் 'புஃல்' 'பல்' என்பதன் ப. 'ட்ரொபுஃல்'லில் வருவது 'தம்பி'யின் ப. கடைசி 'ஹ்' தொண்டையைக் காறுவதுபோல் வரும்.

சரி, அதற்குப் பொருள் என்ன?

'வெண் ஹேஸல் மரப் பள்ளத்தில், கடுஞ்சுழிக்கும் செங்குகைத் தூய டசில்யோ கோயிலுக்கும் அருகே உள்ள மரியாள் கோயில்.' பெயரென்று சொல்வதைவிட வழி சொல்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டோக்காரரிடம் "பிள்ளையார் கோயில் தாண்டி, வேப்பமரத்துக்குப் பக்கத்தில்" என்கிறோமே, அந்த ரகம்.

பிரித்துப் பார்த்தால்: ஃலன் கோயில். வைர் என்பது மைர், அதாவது மரியாள். புஃல் குளம் அல்லது பள்ளம். க்வின் வெள்ளை. கிஃல் ஹேஸல் மரங்கள். கொகெர் அருகில். அ என்பது ஆங்கிலத்தின் 'தி' போன்ற சுட்டு. ஹ்வர்ன் வேகமான. ட்ரொபுஃல் நீர்ச்சுழி, 'ட்ரோ' திருப்பம், 'புஃல்' குளம், இரண்டும் சேர்ந்து 'திரும்பும் குளம்'. நம் 'சுழி'க்கு எதிரே வைக்கத் தகுந்த சொல். பிறகு மறுபடியும் ஃலன், டசில்யோ என்ற துறவியின் பெயர், குகை என்ற பொருளில் கொகொ, சிவப்பு என்ற பொருளில் கோஹ்.

வேல்ஸ் வரைபடத்தில் பாதி ஊர் ஃலன் என்றுதான் தொடங்குகிறது. எல்லாமே கோயில் ஊர்களா?

ஏறக்குறைய அப்படித்தான். ஃலன் என்பதன் பழைய பொருள் வேலியிட்ட நிலம். துறவி ஒருவர் வந்து ஓரிடத்தை வளைத்துப் போட்டு அங்கே வழிபடத் தொடங்குவார். அந்த வளாகம் ஃலன் ஆகி, பிறகு அதனுள் எழுந்த கோயிலும், அதைச் சுற்றி வளர்ந்த ஊரும் அதே பெயரைப் பெற்றன. பின்னால் வருவது பெரும்பாலும் அந்தத் துறவியின் பெயர். டிட்னோவின் ஃலன், கடலோரச் சுற்றுலா நகரமான ஃலன்டிட்னோ. எஃலியின் ஃலன், தெற்கே உள்ள ஃலனெஃலி. மரியாளுக்குக் கோயில் இல்லாத வட்டாரம் இல்லை என்பதால் ஃலன்வைர்கள் ஏராளம். எந்த ஃலன்வைர் என்று அடையாளம் காட்டவே பின்னால் ஒரு வால் தேவைப்பட்டது. இந்த ஊரின் வால் மட்டும் கைமீறிப் போய்விட்டது.

அந்த இரட்டை எல் நம் 'ழ' தானே?

இல்லை. என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பிற மொழிகளில் நமக்குப் புரியாத எல் ஒலி எது வந்தாலும் ழகரம் என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. என் சித்தி அந்த ஸ்டேஷன் பலகைக்குக் கீழே நின்று, "இவ்வளவுதானா, ழன்வைர்!" என்று வெற்றிக் களிப்போடு சொன்னார். பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் மரியாதையாகப் புன்னகைத்தார். ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார் என்பது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

ழ சொல்லும்போது நாக்கு மேலே வளைகிறது, எதையும் தொடுவதில்லை, தொண்டை அதிர்கிறது. வெல்ஷ் ஒலியில் இந்த மூன்றுமே நேர்மாறு. செய்முறை இது: 'பல்' என்று சொல்லி, கடைசி 'ல்'லில் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். இப்போது குரலை நிறுத்திவிட்டு, நாக்கை எடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள். நடுவழி அடைபட்டிருப்பதால் காற்று கடைவாய்ப் பக்கமாக, கன்னத்தின் ஓரம் வழியே 'ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு வெளியேறும். பூனை கோபித்துக்கொள்ளும் ஓசை. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு இருக்கக் கூடாது; உள்ளங்கையை வாயின் ஓரத்தில் பிடித்தால் காற்று படவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் உங்களுக்கு அது வந்துவிட்டது.

ஆங்கிலேயர்களுக்கும் இது வராது. 'த்ல' என்பார்கள், 'க்ல' என்பார்கள், விட்டுவிட்டு வெறும் 'ல' என்பார்கள். 'சாம்பல் நிறத்தவர்' என்ற பொருளுள்ள ஒரே வெல்ஷ் பெயரை ஆங்கிலக் காதுகள் இரண்டு விதமாகப் பிடித்ததன் விளைவுதான் லாயிட், ஃபிளாயிட் என்ற இரண்டு குடும்பப் பெயர்கள்.

இப்படி ஓர் ஒலி வேறு எந்த மொழியிலாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நம் மலையிலேயே. நீலகிரியில் தோடர்கள் பேசும் தோடா மொழியில் இந்தச் சீறும் எல் உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு: ஒன்று ல இடத்தில் நாக்கை வைத்து ஊதுவது, மற்றொன்று ள இடத்தில் வைத்து ஊதுவது. தோடா தமிழோடு உறவுள்ள தென்திராவிட மொழி. 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் நீலகிரியில் தங்கி அதை விரிவாக ஆராய்ந்தார். ஆகவே வேல்ஸ் போக வசதியில்லாதவர்கள் உதகமண்டலம் போய்க் கேட்கலாம். ஆப்பிரிக்காவின் சூலு மொழியிலும் அமெரிக்கப் பழங்குடிகளின் நவாஹோ மொழியிலும் இந்த ஒலி இருக்கிறது.

மரியாள் பெயர் மைர் என்கிறீர்கள். ஊர்ப் பெயரில் வைர் என்று இருக்கிறதே?

வெல்ஷில் சில சொற்களுக்குப் பின்னால் வரும் சொல்லின் முதலெழுத்து மெலிந்துவிடும். ம வகரம் ஆகும். வல்லினப் ப, ட, க ஆகியவை மெல்லோசை பெறும். நம் புணர்ச்சி விதிகளின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கொடி' என்று தனியாகச் சொல்லும்போது வல்லோசைக் க. 'பூங்கொடி' என்றால் அதே க மெலிகிறது. நாம் வாயில் மாற்றுகிறோம், எழுத்தில் காட்டுவதில்லை. வெல்ஷ்காரர்கள் எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள். அதனால் மைர் வைர் ஆயிற்று. 'புஃல்' ட்ரோவோடு சேர்ந்தபோது அதன் ப மெலிந்தது. ஃலன்டிட்னோவில் துறவி டிட்னோவின் வல்லோசை ட மெலிந்தது.

ஒரு வேறுபாடு முக்கியம். நம்மிடம் அருகில் நிற்கும் ஒலி மாற்றத்தை உண்டாக்குகிறது. வெல்ஷில் இன்று இலக்கணம் உண்டாக்குகிறது. சிவப்புக்கு அடிப்படைச் சொல் வல்லோசைக் ககரத்தோடு வரும் 'கோஹ்'. கார்டிஃபுக்கு வடக்கே உள்ள 'கஸ்டெஃல் கோஹ்' செங்கோட்டை. கோட்டை ஆண்பால் சொல் என்பதால் க மாறவில்லை. வேல்ஸ் கொடியில் நிற்கும் சிவப்பு டிராகன் பெண்பால். அதற்குப் பின்னால் க மெலிகிறது. குகையும் பெண்பால், ஆகவே ஊர்ப் பெயரின் கடைசியிலும் மெலிந்த ககரம். ஒரு காலத்தில் முந்தைய சொற்கள் உயிரெழுத்தில் முடிந்திருந்தன. அந்த உயிர் அடுத்த மெய்யை மெலியவைத்தது. பிறகு உயிர் தேய்ந்து மறைந்தது, மெலிவு மட்டும் நின்றுவிட்டது.

இதன் நடைமுறைத் தொல்லை: அகராதியில் 'வைர்' என்று தேடினால் மரியாள் கிடைக்க மாட்டாள். புதிதாகப் படிப்பவர்கள் முதல் மாதத்திலேயே அழுகிற இடம் இது.

உயிரெழுத்தே இல்லாமல் எப்படிப் படிப்பது? 'புஃல்' என்ற துண்டில் பி, டபிள்யூ, எல், எல் என்று மட்டும்தானே இருக்கிறது?

வெல்ஷில் டபிள்யூவும் ஒய்யும் உயிரெழுத்துகள். டபிள்யூ பெரும்பாலும் உ. ஆகவே அது 'புஃல்'. 'க்வின்', 'ஹ்வர்ன்' போன்றவற்றில் மட்டும் வ.

ஒய்க்கு இரண்டு ஒலி. சொல்லின் கடைசி அசையில் பெரும்பாலும் இகரம். முன் அசைகளில் மங்கலான அகரம். 'அனிஸ் மோன்' என்று தீவின் பெயரைச் சொன்னேனே, அதில் 'அ', 'னி' இரண்டிலும் இருப்பது ஒரே எழுத்துதான். வடக்கு வேல்ஸ்காரர்கள் வாயில் அந்த இகரமும் முழு இகரம் அல்ல. 'பாட்டு', 'காது' ஆகியவற்றின் கடைசியில் உதடு குவியாமல் நாம் சொல்லும் குற்றியலுகரத்தின் பக்கம் போகும். தமிழர்களுக்கு இது எளிது. இதிலாவது நமக்கு ஒரு சலுகை.

58 எழுத்து என்கிறார்கள், 51 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. தட்டச்சுப் பொத்தான்களை எண்ணினால் 58. ஆனால் வெல்ஷ் நெடுங்கணக்கில் இரட்டை எல் ஒரே எழுத்து. சி, எச் சேர்ந்ததும் ஒரே எழுத்து. குறுக்கெழுத்துப் புதிரில்கூட அவற்றை ஒரே கட்டத்துக்குள் எழுதுவார்கள். இந்தப் பெயரில் இரட்டை எல் ஐந்து இடத்தில், சி-எச் இரண்டு இடத்தில் வருகிறது. 58இல் ஏழைக் கழித்தால் 51. 'கொ' ஒரு எழுத்தா, கொம்பு, க, கால் என்று மூன்றா என்று யாராவது கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் வெல்ஷ்காரர்கள் 58 என்பவரைப் பார்க்கிறார்கள்.

யார் இப்படி ஒரு பெயரை வைத்தது?

பழைய பெயர் ஃலன்வைர் புஃல்க்வின்கிஃல் மட்டும்தான். பங்கின், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தின் பெயர் ஃலன்வைர், அதனுள் அடங்கிய இடைக்காலக் குடியிருப்பின் பெயர் புஃல்க்வின்கிஃல். 1826இல் நீரிணைக்குக் குறுக்கே தொங்குபாலம் வந்தது. 1848இல் ரயில் வந்தது. 1850இல் ரயில் பாலமும் திறக்கப்பட்டு, லண்டனிலிருந்து அயர்லாந்துக் கப்பலுக்குப் போகிறவர்கள் எல்லாம் இந்த ஊரைக் கடந்து போனார்கள். கடந்துதான் போனார்கள், இறங்கவில்லை. 1860களில் பெயரை நீட்டியது அவர்களை இறங்க வைக்கத்தான்.

நீட்டியவர் பக்கத்து ஊரான மெனாய் பிரிட்ஜைச் சேர்ந்த ஒரு தையற்காரர் என்பது வழிவழிச் செய்தி. வெல்ஷ் இலக்கணத்தில் பேரறிஞரான சர் ஜான் மோரிஸ் ஜோன்ஸ் இந்த ஊரில் வளர்ந்தவர். அவரும் இதையே சொன்னார். தையற்காரரின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. கதை முழுக்க உண்மையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு நம்பத்தான் ஆசை. ஒட்டுப்போட்டுத் தைத்த பெயருக்குத் தையற்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அப்படியானால் அது போலிப் பெயர்தானே?

நீளம் போலி, துண்டுகள் அசல். நீரிணையில் இரண்டு பாலங்களுக்கும் நடுவே கடுஞ்சுழல் இன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்வெல்லீஸ், வெல்ஷில் புஃல் கெரிஸ். நீரிணையின் இரு வாய்களிலிருந்தும் ஓதம் வெவ்வேறு நேரத்தில் ஏறி வருவதால், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொதிப்பதுபோல் புரளும். டசில்யோ கோயிலும் இருக்கிறது, மெனாய் பிரிட்ஜ் ஊரை ஒட்டிய ஒரு குட்டித் தீவில். கரையிலிருந்து நடந்தே போகலாம்.

செங்குகைதான் இடிக்கிறது. தெற்கே கெரெடிகியன் மாவட்டத்தில் ஃலன்டசில்யொகொகொ என்று உண்மையாகவே ஓர் ஊர் உண்டு. அங்கிருந்து 'கொகொ'வை இரவல் வாங்கி, ஓசை நன்றாக இருக்கட்டும் என்று இன்னொரு 'கோஹ்'ஐயும் ஒட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நடுவில் நான்கு எல் வரிசையாக நிற்கிறதே, அச்சுப் பிழையா?

பிழையில்லை. ட்ரொபுஃல் ஒரு 'ஃல்'லில் முடிகிறது, அடுத்த ஃலன் ஒரு 'ஃல'வில் தொடங்குகிறது. இரண்டு எழுத்து, நான்கு எல். சொல்லும்போது ஒருமுறை நீளமாகச் சீறினால் போதும்.

பிழை தேடுகிறவர்களுக்கு வேறோர் இடம் காட்டுகிறேன். மேலே சொன்ன மெலிவு விதிப்படி ஃலனுக்குப் பின்னால் டசில்யோவின் ட மெலிய வேண்டும். கெரெடிகியன் ஊரில் மெலிந்துதான் எழுதப்படுகிறது. இந்த நீளப் பெயரிலோ வல்லோசை ட அப்படியே நிற்கிறது. இப்படி மெலியாமல் எழுதும் வழக்கமும் வேல்ஸில் இல்லாமலில்லை. ஃலன்கொஃலென் அருகே அப்படி ஓர் ஊர் இருக்கிறது. இலக்கணப் புலவர்கள் இருவரை ஒரே மேசையில் உட்கார வைத்து இதைக் கேட்டுவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போகலாம்.

ஸ்டேஷன் பலகையில் பெயருக்குக் கீழே எப்படிச் சொல்வது என்று எழுதியிருக்கிறதாமே? அதைப் படித்தால் போதாதா?

அது ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கான உதவி. 'வைர்' சரியாக இருக்கும். ஆனால் இரட்டை எல்லை ஆங்கில எழுத்தில் காட்ட வழியில்லாமல் எல் என்றே விட்டிருக்கிறார்கள். ஹ்வர்ன் 'க்வீர்ன்' ஆகிவிட்டது. அதைப் பார்த்துப் படித்தால் பலகையைப் பார்த்துப் படித்ததுபோலத்தான் இருக்கும். தமிழ்ப் பத்திரிகைகளில் காணும் 'லான்ஃபேர்' இன்னும் மோசம்: முதல் ஒலி தவறு, வெல்ஷில் ஒற்றை எஃப் வகரம் என்பதால் 'ஃப' தவறு, 'ஐ'யை 'ஏ' ஆக்கியதும் தவறு.

உள்ளூர்க்காரர்கள் தினமும் இதை முழுதாகவா சொல்வார்கள்?

யாருக்கு நேரம்? ஃலன்வைர்புஃல் என்பார்கள், சிலர் புஃல், க்வின்கிஃல் இரண்டையும் ஆங்கில முதலெழுத்துகளாகச் சுருக்கி ஃலன்வைர் பிஜி என்பார்கள். ரயில் அட்டவணையில் ஃலன்வைர்புஃல். அஞ்சல் முகவரியில் ஃலன்வைர்புஃல்க்வின்கிஃல். முழு நீளம் பலகைகளுக்கும் நினைவுப் பொருள்களுக்கும் உரியது.

வேலை நேரத்தில் முழுதாகச் சொல்லிப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. 2015 செப்டம்பரில் சானல் 4 தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் லியம் டட்டன், அறிக்கைக்கு நடுவே இந்தப் பெயரை ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவர் கார்டிஃப்காரர்.

உலகத்திலேயே நீளமான இடப் பெயர் இதுதானே?

இல்லை. நியூசிலாந்தில் ஒரு குன்றுக்கு 85 எழுத்தில் மாவோரிப் பெயர் இருக்கிறது. வேல்ஸுக்குள்ளேயே 1980களில் ஃபேர்போர்ன் என்ற குட்டி ரயில்பாதைக்காரர்கள், இந்த ஊரை முந்தவேண்டும் என்றே தங்கள் நிறுத்தம் ஒன்றுக்கு 67 எழுத்தில் பெயர் வைத்தார்கள். கலப்படம் செய்தவனை விஞ்சிய கலப்படம். அது யார் நாவிலும் நிற்கவில்லை.

இணைய முகவரியில் புள்ளிகளுக்கு இடையே 63 எழுத்துக்கு மேல் அனுமதியில்லை. 58 போக மிச்சம் ஐந்து. ஊரின் பழைய பகுதி மேட்டில் இருப்பதால், 'மேல்' என்ற பொருளுள்ள ஐந்தெழுத்துச் சொல்லைக் கடைசியில் சேர்த்து, வரம்பை நூல் பிசகாமல் நிரப்பி ஒருவர் முகவரி பதிந்தார்.

எனக்கு மனப்பாடம் ஆகவேண்டும். சுருக்கு வழி இருக்கிறதா?

நான்கு மூச்சாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃலன்வைர்புஃல்க்வின்கிஃல், இது பழைய ஊர். கொகெரஹ்வர்ன்ட்ரொபுஃல், இது சுழி. ஃலன்டசில்யொ, இது தீவுக் கோயில். கொகொகோஹ், இது குகை. பொருளோடு சேர்த்துப் படித்தால் இரண்டு நாளில் வந்துவிடும். ஒலியை மட்டும் உருப்போட்டால் 'கொகெர்' தாண்டியதும் பாதை தவறும். அழுத்தம் கடைசி 'கோஹ்' மேல் விழவேண்டும், அதன் ஓகாரம் நெடில்.

சித்தி ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. போனில் தினம் ஒரு துண்டு. 'ட்ரொபுஃல்ஃலன்' வரும்போது அந்தப் பக்கம் நீளமாக ஒரு சீறல் கேட்கும், பிறகு வீட்டுப் பூனை எழுந்து ஓடும் சத்தம்.